பல்லுல இருக்கற காவி அழுக்கு இல்லைங்க: தர்மபுரி தண்ணியும் நம்ம உடம்பும்

காலேஜ் சேர்ந்த முதல் வாரம், சேலத்துல, பக்கத்து பெஞ்சு பையன் என் முகத்தையே பாத்துட்டு "நீ தர்மபுரியா?"ன்னு கேட்டான். பேச்ச வச்சு கண்டுபிடிச்சிருப்பான்னு நெனச்சு எப்படின்னு கேட்டேன், அவன் ரொம்ப தயங்கி "பல்லு"ன்னான். அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷம் போட்டோ எடுத்தாலே நான் வாய மூடிக்குவேன். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி, அந்தப் பக்கம் காவேரிப்பட்டணம், மத்தூர், பர்கூர்னு எங்க பஸ் ஏறினாலும் கையால வாய மறைச்சு சிரிக்கற ஆளுங்கள பாக்கலாம், பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி சிரிக்காம உக்காந்திருக்கற புள்ளைங்கள எனக்கே தெரியும். "ஒழுங்கா பல்லு வெளக்கறதில்ல"ன்னு வெளியூர்க்காரங்க சொல்லி சொல்லி நாமளே அத நம்பிட்டோம். அது பொய்ங்க. அந்தக் காவிக்கும் பல்லு வெளக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல, அது நாம எட்டு வயசுக்குள்ள குடிச்ச தண்ணில கரைஞ்சிருந்த புளோரைடுங்கற உப்போட கணக்கு. அந்த கலர மட்டுமே பாத்து பாத்து, அதுக்குப் பின்னாடி எலும்புலயும் ஈறுலயும் நடக்கறத நம்ம ஊர்ல யாரும் கவனிக்கறதில்ல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மொதல்ல அந்தக் கறை எப்படி வருதுன்னு பாப்போம். பல்லு ஈறுக்கு வெளிய வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே உள்ள எலும்புக்குள்ள உருவாக ஆரம்பிச்சிடும். பல்லோட மேல் ஓடு இருக்கு பாருங்க, எனாமல், அது உடம்புலயே ரொம்ப கெட்டியான பொருள், நூத்துக்கு 96 பங்கு தாதுதான். அத கட்டற செல்லுங்க மொதல்ல புரதத்தால ஒரு சட்டம் மாதிரி போட்டு, அப்புறம் அந்த புரதத்த கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு அந்த எடத்துல தாதுவ நிரப்பும். புளோரைடு அதிகமா இருக்கற தண்ணிய கொழந்தை குடிச்சா அந்த புரதம் முழுசா வெளிய போகாம உள்ளயே தங்கிடும், எனாமல் கெட்டிப்படாம உள்ளுக்குள்ள சின்ன சின்ன ஓட்டையோட நின்னுடும். அந்தப் பல்லு மொளைக்கும்போது சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையாத்தான் வரும், காவி அப்ப இருக்காது. வெளிய வந்த பிறகு சாப்பாடு, டீ எல்லாத்தோட நிறமும் அந்த ஓட்டைக்குள்ள எறங்கி வருஷக்கணக்குல மஞ்சளாகி, காவியாகி, சிலருக்கு கறுப்பாவும் ஆகுது. ரொம்ப அதிகமா இருந்தா எனாமலே பேத்துக்கிட்டு குழி விழும்.

இந்த புளோரைடு பாதிப்புக்குப் பேருதான் புளோரோசிஸ். நம்ம கறை அதுதானான்னு பாக்க ஒரு அடையாளம் இருக்கு. வலது பக்கம் எந்தப் பல்லுல இருக்கோ இடது பக்கம் அதே ஜோடிப் பல்லுலயும் இருக்கும், குறுக்குக் கோடு மாதிரி போகும், ஏன்னா ரெண்டும் ஒரே மாசத்துல உருவான பல்லு, ஒரே தண்ணிய குடிச்ச பல்லு. மேல முன்பல்லு ரெண்டுக்கும் ஆபத்தான காலம் முக்கியமா ரெண்டாவது வயசும் மூணாவது வயசோட ஆரம்பமும். அதாவது கொழந்தை தாய்ப்பால குறைச்சு தண்ணிக்கும் சோத்துக்கும் மாறற நேரம். நம்ம சிரிப்ப நாசம் பண்ணினது அந்த ஒண்ணரை வருஷம்தான்னு தெரிஞ்சப்ப எனக்கு நெஞ்சு கனத்துப்போச்சு, எங்கம்மா அப்ப கெணறு வத்தி தெரு போர்ல இருந்துதான் தண்ணி எடுத்திருக்காங்க, அவங்களுக்கு என்ன தெரியும்.

ஏன் நம்ம ஊர்ல மட்டும்னு கேக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு நம்ம மாவட்டம் ரெண்டும் பாறை மேல உக்காந்திருக்கு, கிருஷ்ணகிரி கிரானைட்டு உலகம் பூரா போகுது. அந்தப் பாறைக்குள்ள இருக்கற சில தாதுல புளோரைடு இருக்கு, தண்ணி அந்த வெடிப்புல வருஷக்கணக்கா தேங்கி நிக்கும்போது அது கரைஞ்சு இறங்குது, அதுவும் கால்சியம் கம்மியா சோடா உப்பு மாதிரி காரம் அதிகமா இருக்கற தண்ணில நல்லா கரையும். ஆழம் கம்மியான கெணத்துல மழைத்தண்ணி வந்து கலக்கும், பரவால்ல. மழை கம்மி ஆகி கெணறு வத்தி முன்னூறு அடி, அறநூறு அடி, ஆயிரம் அடின்னு போர் போட்டுக்கிட்டே போனோம் பாருங்க, அங்க இருக்கறது பாறையோட ரொம்ப காலம் ஊறின தண்ணி. அத பாத்தா தெளிவா இருக்கும், வாசனை கிடையாது, ருசி நல்லாவும் இருக்கும், உப்புத்தண்ணியா இருந்தாலாவது துப்பிடுவோம்.

அளவு சொல்றேன். இந்தியத் தரப்படி ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் இருக்கணும், வேற தண்ணியே கிடைக்காத எடத்துல 1.5 வரைக்கும் போகலாம். உலக சுகாதார நிறுவனமும் 1.5ன்னுதான் சொல்லுது. நம்ம மாடில வைக்கற ஆயிரம் லிட்டர் டேங்க்ல ஒண்ணரை கிராம், ஒரு சிட்டிகை. ஆனா அந்தக் கணக்கு பெரியாளு ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் குடிப்பாங்கன்னு வச்சு போட்டது. சித்திரை வெயில்ல மாந்தோப்புல வேலை பாக்கறவரு, கல் குவாரில கல் ஒடைக்கறவரு ரெண்டு லிட்டரோட நிறுத்துவாரா? நாலு அஞ்சு போகும். அப்ப 1.5 அளவு தண்ணியே அவருக்கு ரெண்டு மடங்கு வேலை செய்யும். அமெரிக்கால பல்லு சொத்தை வரக்கூடாதுன்னு தண்ணில புளோரைடு கலக்கறாங்க, 1945ல மிச்சிகன்ல கிராண்ட் ராப்பிட்ஸ் ஊர்ல ஆரம்பிச்சது, அந்த நாட்லயே 2015ல பரிந்துரைக்கற அளவ 0.7ன்னு குறைச்சிட்டாங்க.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. 1901ல அமெரிக்கால கொலராடோ ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊருக்கு ஃப்ரெட்ரிக் மெக்கேன்னு ஒரு பல் டாக்டர் போறாரு, அந்த ஊர்ல பொறந்து வளந்தவங்களுக்கெல்லாம் காவிப்பல்லு, பெரியவங்களா ஆன பிறகு குடி வந்தவங்களுக்கு இல்ல. அவரு முப்பது வருஷம் அதையே தேடறாரு. 1931லதான் தண்ணில இருக்கற புளோரைடுன்னு உறுதியாச்சு. நம்ம பக்கத்துல 1937லயே அன்னைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்துல புளோரைடு தண்ணியால எலும்பு பாதிச்ச ஆளுங்கள பத்தி எழுதியாச்சு. அன்னைக்கு தர்மபுரின்னு தனி மாவட்டமே கிடையாது, 1965லதான் சேலத்துல இருந்து பிரிஞ்சோம்.

இப்ப எலும்புக்கு வர்றேன், பல்ல விட இதுதான் பெருசு. உடம்புல தங்கற புளோரைடுல 99 சதவீதம் போய் உக்கார்றது எலும்புலயும் பல்லுலயும்தான். பெரியவங்க குடிக்கறதுல பாதி அளவு ஒண்ணுக்குல வெளிய போயிடும், வளர்ற கொழந்தை உடம்பு அதுக்கும் மேல புடிச்சு வச்சிக்கும், கிட்னி சரியில்லாதவங்களுக்கும் வெளிய போறது கம்மி. பல்லு எட்டு வயசோட முடிஞ்சிடுது, அதுக்கப்புறம் எவ்ளோ கெட்ட தண்ணி குடிச்சாலும் புதுசா கறை விழாது, ஆனா எலும்பு சாகற வரைக்கும் சேத்துக்கிட்டே இருக்கும். கழுத்து திருப்ப முடியாம இறுகறது, முதுகு குனிய முடியாம போறது, மூட்டு வலி, தசைநார் எலும்பா மாறறது, கொழந்தைங்களுக்கு முட்டி உள்பக்கம் வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு இடிக்கறது, இதெல்லாம் அதோட வேலை.

எங்க பெரியம்மா ஈரோட்டுப் பக்கத்துல இருந்து கல்யாணம் ஆகி வந்தவங்க. முத்து மாதிரி வெள்ளைப் பல்லு, ஊர்ல எல்லாரும் "மருமக பல்ல பாருங்கடி"ன்னு சொல்லுவாங்களாம். முப்பது வருஷமா எங்க ஊர் போர் தண்ணிதான் குடிக்கறாங்க, இப்ப கீழ உக்காந்தா எழுந்திரிக்க ஆள் வேணும், கழுத்த மட்டும் திருப்ப முடியாது, உடம்போட திரும்புவாங்க. அது புளோரோசிஸ்தான்னு நான் சொல்ல வரல, வயசானா மூட்டு தேயறதும் இதே மாதிரிதான் இருக்கும், எக்ஸ்ரே எடுத்து ஒண்ணுக்கும் டெஸ்ட் பண்ணாதான் தெரியும். ஆனா போன ஒவ்வொரு எடத்துலயும் வாதம்னு சொல்லி வலி மாத்திரை கொடுத்தாங்க, எந்த தண்ணி குடிக்கறீங்கன்னு ஒரு ஆளு கூட கேக்கல. எங்க வயசுப் பசங்களுக்கு பல்லே போர்டு மாதிரி தொங்குது, நீ கெட்ட தண்ணி குடிச்சிருக்கன்னு சொல்லிடுது. வெளியூர்ல இருந்து வாக்கப்பட்டு வந்த பொம்பளைங்களுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது, பல்லு வெள்ளையா இருக்கும், எலும்பு உள்ள கல்லாகிட்டு இருக்கும். அவங்கள நெனச்சாதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு.

அடுத்தது ஈறு. காவிப்பல்லு இருக்கறவங்க ரெண்டு தப்புல ஒண்ணு பண்றோம். ஒண்ணு, செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு, சாம்பல்னு வச்சு போட்டு தேய்க்கறது. கறை எனாமலுக்கு உள்ள இருக்கு, மேல எவ்ளோ தேய்ச்சாலும் போகாது, ஏற்கனவே பலவீனமான எனாமல்தான் தேயும், பல்லு கூச ஆரம்பிக்கும், ஈறு கீழ இறங்கும். இன்னொண்ணு, எப்படி வெளக்கினாலும் இப்படித்தான் இருக்கும்னு மனசு விட்டுப் போய் ஏனோதானோன்னு வெளக்கறது, டாக்டர்கிட்ட வாய தொறந்து காட்ட வெக்கப்பட்டுக்கிட்டு போகாமயே இருக்கறது. நான் இந்த ரெண்டாவது ரகம். இருபத்தெட்டு வயசு வரைக்கும் பல் டாக்டர பாத்ததில்ல, ஈறுல ரத்தம் வந்தா காவியாலதான் வருதுன்னு நெனச்சேன். காவிக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்ல. ரத்தம் வர்றது பல்லு வேர்ல ஒட்டியிருக்கற கிருமிப் படலத்தால, அத எடுக்காம விட்டா எச்சில்ல இருக்கற தாதுவோட சேந்து கல்லு மாதிரி காரையாகி, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல பை மாதிரி பள்ளம் விழுந்து, பல்ல தாங்கற எலும்பு கரைய ஆரம்பிக்கும். வலியே இருக்காது, அதான் கொடுமை, சொத்தைனா வலிச்சு எழுப்பி விடும், ஈறு நோய் பல்லு ஆடற வரைக்கும் சத்தம் போடாது.

அந்த ஈறு முழுக்க உள்ள புண்ணா இருக்குன்னு வச்சிக்கோங்க, அவ்ளோ பெரிய புண்ணு கையில இருந்தா சும்மா விடுவோமா? வாயில இருக்கறதால தெரியல. அங்க இருந்து கிருமியும், வீக்கத்த உண்டாக்கற பொருளும் ரத்தத்துல கலந்துட்டே இருக்கும், உடம்பு எப்பவும் ஒரு சண்டைல இருக்கற மாதிரி இருக்கும், அந்த நெலமைல இன்சுலின் சரியா வேலை செய்யாது. அதனால ஈறு நோய் இருந்தா சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினா ஈறு புண்ணு ஆறாது, ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துட்டுப் போகும். ஈற ஒழுங்கா சுத்தம் பண்ணினா மூணு நாலு மாசத்துல ஹெச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாச சர்க்கரையோட சராசரிய காட்டற ரத்த டெஸ்ட்டு, சராசரியா 0.4 புள்ளி அளவுக்கு குறையுதுன்னு பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து சொல்லியிருக்காங்க. சின்ன நம்பரா தெரியலாம், ஆனா புதுசா ஒரு மாத்திரை சேத்தா கிடைக்கறதுக்கு கிட்ட வருது. 2023ல வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) ஆய்வுல நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சர்க்கரைன்னு வந்துச்சு. மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்த 2021 ஆகஸ்ட்ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சாங்க, சர்க்கரை பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, ரொம்ப நல்ல விஷயம். அடுத்த தடவை மாத்திரை கொண்டு வர்ற அக்கா வரும்போது ஈறுல ரத்தம் வருதுங்கறதையும் சேத்து சொல்லுங்க, மாத்திரை ஒழுங்கா போட்டும் சர்க்கரை எறங்கலைனா வாயையும் பாக்கணும்.

இதயத்த பத்தி நெறைய மிகைப்படுத்தி பேசறாங்க. ஈறு நோய் இருக்கறவங்களுக்கு மாரடைப்பும் அதிகமா இருக்குங்கறது உண்மை, ஆனா ஈறால மாரடைப்பு வருதுன்னு நிரூபிக்கலன்னு அமெரிக்க இதய சங்கம் 2012லயே சொல்லிடுச்சு, பீடியும் சர்க்கரையும் ரெண்டுக்கும் பொதுக் காரணமா நிக்குது. சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவங்க, வால்வு மாத்தினவங்க கதை வேற, வாயில இருந்து ரத்தத்துல கலக்கற கிருமி அந்த வால்வுல போய் உக்காந்து உயிருக்கே ஆபத்தாகும், அவங்க பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். படுத்த படுக்கையா இருக்கற பெரியவங்களுக்கு தினமும் வாய தொடைச்சு விடணும், வாயில இருக்கற கிருமி நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா வரும். கர்ப்பமா இருக்கும்போது ஈறு வீங்கி ரத்தம் வர்றது சகஜம், ஆனா அந்த நேரத்துல பல்லு பாக்கக்கூடாதுன்னு நம்ம ஊர்ல சொல்றது தப்பு, பாக்கலாம், பாக்கணும்.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடும்"னு சொல்லியே நெறைய பேர தடுத்துடறாங்க. காரை சிமெண்டு மாதிரி பல்லுங்கள ஒட்டிப் புடிச்சிருக்கும், உள்ள எலும்பு ஏற்கனவே போயிருக்கும், காரைய எடுத்ததும் ஆட்டம் வெளிய தெரியுது. எடுக்காம விட்டா அந்தப் பல்லு மொத்தமா விழும். அதே மாதிரி கிளீனிங் பண்ணினா காவியும் போயிடும்னு எதிர்பாத்துப் போய் ஏமாந்து திட்றவங்களும் இருக்காங்க. காவிக்கு வைத்தியம் தனி, லேசா இருந்தா மேல ஒரு மெல்லிய படலத்த தேய்ச்சு எடுத்து ப்ளீச் பண்ணுவாங்க, அதிகமா இருந்தா பல்லு கலர்ல ஃபில்லிங்கோ மேல ஓடு மாதிரி வெனீரோ கேப்போ போடுவாங்க, செலவு ஆகும். யாரோ ஆசிட் தடவி வெள்ளையாக்கறேன்னு சொன்னா தயவு செஞ்சு போகாதீங்க.

சரி, ஒகேனக்கல் தண்ணிதான் வந்துடுச்சேன்னு கேப்பீங்க. உண்மைதான், 2008ல அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடன் வாங்கி, ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடிக்கு மேல செலவு பண்ணி, 2013 மே மாசம் தொறந்தாங்க, அந்தத் திட்டத்தோட பேர்லயே புளோரோசிஸ் தணிப்புன்னு இருக்கு. காவிரித் தண்ணி ஒழுங்கா வர்ற ஊர்ல இப்ப வர்ற பசங்க பல்லு நல்லாத்தான் இருக்கு, அத நான் கண்ணால பாக்கறேன், மனசு நெறைஞ்சு போகுது. ஆனா எல்லா ஊர்லயும் தினமும் வர்றதில்ல, பத்தாத நாளுக்கு போர் தண்ணிய அதே டேங்க்ல ஏத்தி கலந்து விடறாங்க, கலந்தா புளோரைடு எவ்ளோன்னு யாருக்கும் தெரியாது. இன்னொரு ஓட்டை நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு. குடிக்கறதுக்கு கேன் தண்ணி வாங்கறோம், களி கிண்டறதுக்கும் சோத்து உலைக்கும் கொழம்புக்கும் போர் தண்ணிய ஊத்தறோம். களி எவ்ளோ தண்ணி குடிக்கும்னு கிண்டறவங்களுக்குத் தெரியும், அந்தத் தண்ணில இருக்கற புளோரைடு அப்படியே உருண்டையோட வயித்துக்குள்ள போகுது. கொதிக்க வச்சா போகாது, தண்ணி ஆவியாகி மிச்சத்துல அளவு இன்னும் ஏறத்தான் செய்யும். துணில வடிகட்டினாலும் போகாது. ஆர்ஓ மெஷின் எடுக்கும், மழைத்தண்ணில கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. ஆர்ஓல இருந்து வெளிய ஊத்தற தண்ணில புளோரைடு சேந்து அதிகமா இருக்கும், அத மாட்டுக்கு வைக்காதீங்க, மாட்டுக்கும் பல்லும் எலும்பும் இதே மாதிரி கெடும்.

சாப்பாட்டுல கால்சியம் நெறைய இருந்தா வயித்துக்குள்ளயே புளோரைட புடிச்சு வெளிய அனுப்பும். நம்ம ராகில நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, பாலும் மோரும் கீரையும் சேத்துக்கலாம், நெல்லிக்காய் மாதிரி வைட்டமின் சி இருக்கறதும் நல்லது. அதே ராகிய நல்ல தண்ணில கிண்டினாதான் அந்த லாபம். பால் விடாத கடுங்காப்பி மாதிரி வர டீய கொழந்தைங்களுக்கு கொடுக்கற பழக்கம் சில வீட்ல இருக்கு, டீ எலைலயே புளோரைடு இருக்கு, அத நிறுத்திடணும்.

பேஸ்ட்ட பத்தி நெறைய பேர் பயப்படறாங்க. பெரியவங்க தேய்ச்சு துப்பறதால புளோரைடு பேஸ்ட்டால கறை வராது, மேல பட்டு சொத்தை வராம காக்கும். நம்ம ஊர் பல்லு கெட்டி, சொத்தை வராதுன்னு சொல்றது லேசான கறை இருக்கறவங்களுக்கு ஓரளவு சரி, குழி விழுந்த பல்லுக்கு பொருந்தாது, குழில அழுக்கு தங்கி சொத்தை சீக்கிரம் வரும். கொழந்தைங்கதான் முழுங்கும், மூணு வயசுக்குள்ள அரிசி அளவு, ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு, பெரியவங்க பக்கத்துல நின்னு துப்ப வைக்கணும்.

எங்க அக்காவ காரிமங்கலம் பக்கம் கொடுத்திருக்கு, அவ மகளுக்கு ஒண்ணே முக்கால் வயசு. மேல சொன்னேன் பாருங்க முன்பல்லு உருவாகற நேரம், இப்ப அவளுக்கு அதான் ஓடுது. மாமா வீட்ல "எங்க போர் தண்ணி இளநி மாதிரி இருக்கும், அதுல ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நம்மளால சண்டை போட முடியுமா, ஊராட்சில தண்ணி சோதிக்கற கிட் பெட்டி ஒண்ணு கொடுத்து வச்சிருந்தாங்க, அத கேட்டு வாங்கிட்டு வந்து சமையக்கட்டு திண்ணைலயே வச்சு பண்ணினேன். ஒகேனக்கல் தண்ணி ஒரு சின்ன பாட்டில்ல, சமையக்கட்டு போர் தண்ணி இன்னொண்ணுல, ரெண்டுலயும் அந்த செவப்பு மருந்த விட்டேன். புளோரைடு இருந்தா செவப்பு வெளுத்து மஞ்சளா மாறும். மொதல் பாட்டில் செவப்பாவே நின்னுச்சு. ரெண்டாவது, அக்கா மாமியார் பாத்துட்டு இருக்கும்போதே, மஞ்சளாயிடுச்சு. அத்தை ஒண்ணும் பேசல, அடுப்புல கொதிச்சுட்டு இருந்த உலைய எறக்கி கொல்லைல ஊத்திட்டு, ஒகேனக்கல் தண்ணி புடிச்சு வச்சிருந்த கொடத்த தூக்கிட்டு வந்தாங்க.